அறுபத்தைந்தாவது எழுத்து

கம்ப்யூட்டர் டீச்சரின் மானிட்டரில் இடது ஓரத்தை ஓர் அட்டை மறைத்துக்கொண்டிருக்கும். தினசரிக் காலண்டரின் பின்னட்டையை நீளமாக வெட்டி அவரே ஒட்டியது. கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிகிற இடம் அது. பெயரைப் பார்த்துவிட்டால் புத்தி அதன் பின்னாலேயே போய்விடும் என்பது அவர் கட்சி. எல்லோரும் பெயரைப் பார்க்கத்தான் கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள். இவர் பெயரை மறைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

அரசுப் பள்ளியில் பகுதி நேரப் பயிற்றுநர். மாலையில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையில் பழுது பார்ப்பார். நாற்பதை ஒட்டிய வயது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"பேரு சும்மா வர்றது சார். யாரு வேணா வச்சிக்கலாம். என் போன்ல தணிகாசலம்னே பதினொரு பேரு இருக்காங்க. எவனுக்கு போட்டாலும் 'சொல்லு டீச்சர்'ன்றான்."

இதில் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் மலைப்படியில் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொன்னால், ஏறுகிறவர்களில் பாதிப் பேரும் இறங்குகிறவர்களில் மீதிப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் அரசுப் பணியிலிருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் கற்றது ஒன்றே ஒன்று: எந்தத் தாள் எந்தத் தாளுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. ஓய்வுக்குப் பிறகும் இந்த அறிவுக்குக் கிராக்கி இருந்தது. தனியார் நிறுவனங்கள் தொழிலாளி மேல் குற்றம் சாட்டினால், உள்விசாரணை நடத்த வெளியாள் ஒருவர் வேண்டும். நடுநிலையானவர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக, நரைத்த தலையும் நல்ல கையெழுத்தும் உள்ளவராகத் தேடுவார்கள். என்னிடம் இரண்டும் இருந்தன.

டீச்சரை முதலில் பார்க்கப் போனது என் கம்ப்யூட்டருக்காக. உயிரோடு இருக்கிறேன் என்று அரசுக்கு ஆண்டுதோறும் சான்று அனுப்ப வேண்டிய வாரம் அது. கம்ப்யூட்டர் என்னைவிடத் தளர்ந்து போயிருந்தது. டீச்சர் அதைத் தன் மேசைக்கு இழுத்து, ஏதோ ஒன்றை ஓடவிட்டுவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட ஆரம்பித்தார். கால் மணி நேரம் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னம்மா செய்யுது அது?"

"கைரேகை எடுத்துகினு இருக்குது சார்."

விளக்கச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எந்தக் கோப்பையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் அறுபத்து நான்கு எழுத்து வரும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்கள், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகள், இவ்வளவுதான். கோப்புக்குள் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அறுபத்து நான்கும் கலைந்து வேறு ஒன்றாகிவிடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் ஓர் எழுத்தும் அசையாது. ஆகவே அதுதான் கோப்பின் கைரேகை. உலகத்தில் விற்கிற, இலவசமாய்க் கிடைக்கிற மென்பொருள்களின் கோப்புகளுக்கெல்லாம் இப்படிக் கைரேகை எடுத்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை இவர் இறக்கி வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'தெரிஞ்சவங்க லிஸ்ட்'.

"கெட்டவன தேடினு இருந்தா ஆயுசு போதாது சார். தெரிஞ்சவங்கள எல்லாம் ஓரமா நிக்க வச்சிடணும். நடுவுல யாரு மிச்சம் நிக்கறான்னு பாத்தா போதும்."

என் கம்ப்யூட்டரில் லட்சத்துக்கு மேல் கோப்புகள் இருந்தன. எல்லாம் ஓரமாகப் போய் நின்றபின் நடுவில் பதினேழு மிஞ்சின. பதினாறு நான் தட்டச்சு செய்த கடிதங்கள். ஒன்றை அவர் விரலால் தட்டினார். அட்டையைத் தூக்கிப் பெயரைக் காட்டினார். கம்ப்யூட்டரின் மூலமுதலான ஏதோ ஒரு கோப்பின் பெயர் அது. நீக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்று என் மருமகனே எச்சரித்திருந்தான்.

"பேரு சரியா இருக்குது. ஆளு வேற" என்றார். அதை நீக்கினார். கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. நான் உயிரோடு இருப்பதாக அரசுக்குத் தெரிவித்தேன்.

எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துப்போனது. பணிக்காலம் முழுவதும் கையெழுத்தையும் முத்திரையையும் நம்பி வாழ்ந்தவனுக்கு, இரண்டையும் சட்டை செய்யாத ஒருவரைப் பார்ப்பதில் ஒரு நமைச்சல் இருந்தது. அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "மேலிடத்துலருந்து வந்த கோப்பு டீச்சர், சந்தேகமே வேணாம்" என்றார். டீச்சர், "மேலிடத்துக்கு எங்கேர்ந்து வந்துச்சி?" என்று கேட்டார். அவர் யோசித்துக்கொண்டே எழுந்து போனார்.

ஆனால் அந்தக் குணத்துக்கு இன்னொரு முகம் இருந்தது. ஆடிக்கிருத்திகையன்று காணாமல் போன குழந்தைகளுக்கான கொட்டகையில் அவரும் நானும் தொண்டுக்கு உட்கார்ந்திருந்தோம். படிவத்தில் 'அடையாளம்' என்ற கட்டத்தில் நான் காலையிலிருந்து ஒரே சொல்லை எழுதிக்கொண்டிருந்தேன்: மொட்டை. வந்த குழந்தைகள் எல்லாம் மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம், எல்லாருக்கும் மஞ்சள் துணி. ஒரு தாய் ஓடி வந்து ஒரு குழந்தையை வாரினாள். குழந்தையும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்கு அது போதும். டீச்சர் எழுந்து குறுக்கே நின்றார்.

"கொழந்தைக்கு ஒரு மச்சம் இருக்குது. எந்தக் காதுக்குப் பின்னாடி?"

"இன்னாக்கா கேக்கறீங்க? எங்கொழந்த. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லும்மா."

அவள் இடது என்றாள். அழுதுகொண்டே வலது என்றாள். பிறகு எதுவுமே நினைவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அலறியது. அரை மணி நேரம் கழித்துக் கணவன் வந்து போனில் படங்களைக் காட்டியபின்தான் கொடுத்தார். மச்சம் இடது காதுக்குப் பின்னால். தாய் முதலில் சொன்னதுதான் சரி. அவள் போகும்போது டீச்சரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை. படிவத்தில் 'இடது' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமேம்மா" என்றேன்.

"எதுல சார் விட்டுக் கொடுக்கறது? கொழந்தயிலயா?"

நான் அடுத்த படிவத்தை எடுத்து 'மொட்டை' என்று எழுதினேன்.

பொதட்டூர்பேட்டைச் சாலையில் ஒரு ஜவுளி நிறுவனம். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டரில் பூவேலை வரைந்து விசைத்தறிக்கு அனுப்புகிற இடம். அவர்களுக்கு நான் நடைமுறை விதிகள் எழுதிக் கொடுத்திருந்தேன். டீச்சரிடம் கற்றதை வீணாக்காமல் அதில் ஒரு விதியும் சேர்த்தேன்: வாயிலில் பென் டிரைவ் எதுவும் கைப்பற்றப்பட்டால், அந்த இடத்திலேயே அதில் இருப்பது முழுவதற்கும் சேர்த்து ஒரே கைரேகை எடுத்துக் கைப்பற்றுகைப் பதிவேட்டில் எழுத வேண்டும், பின்னர் ஆய்வில் கிடைக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பொருளைச் சான்றாக ஏற்கக் கூடாது. எழுதும்போது அந்த விதி எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

ஓராண்டுக்குள் அது உபயோகத்துக்கு வந்தது. அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவர் அங்கே பத்தொன்பது ஆண்டுகளாக டிசைன் வரைந்துகொண்டிருந்தார். நூல் நூலாக, கட்டம் கட்டமாக எண்ணி வரைகிற வேலை. அவர் சாப்பாட்டுப் பையில் ஒரு பென் டிரைவ் அகப்பட்டது. நிறுவனத்தின் மென்பொருளையும் வடிவங்களையும் திருடி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் உள்ள ஒரு போட்டித் தறிக்கூடத்துக்குக் கொடுக்கப்போனார் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். அதோடு நிற்காது. திருடன் என்று தாளில் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் எந்தத் தறிக்கூடமும் அவரை உள்ளே விடாது. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

விசாரணை அதிகாரி நான். பென் டிரைவை ஆராய யாரை அழைக்கலாம் என்று கேட்டபோது மேலாளர் சென்னை ஆள் ஒருவரைச் சொன்னார். டிசைன்காரர் தலை குனிந்தபடியே, "கம்ப்யூட்டர் டீச்சர் சொல்லட்டுங்க. அவங்க இன்னா சொன்னாலும் ஏத்துக்கறன்" என்றார். நிறுவனமும் ஒப்புக்கொண்டது. சென்னை ஆளுக்குக் கார் அனுப்ப வேண்டும், டீச்சர் பஸ்ஸில் வந்துவிடுவார்.

விசாரணை நாளன்று முற்பகல் நன்றாகவே போனது. மேலாளர் எழுந்து, "மூவாயிரத்துக்கும் மேல கோப்பு சார். கம்பெனி சாஃப்ட்வேர மொத்தமா வாரிகினு போயிருக்காரு" என்றார். டீச்சர் தன் அறிக்கையைப் படித்தார். அந்த மூவாயிரமும் தெரிந்தவர்கள் பட்டியலில் இருப்பவை. வரைகிற மென்பொருளை யார் எங்கே நிறுவினாலும் வந்து உட்காருகிற கோப்புகள், எழுத்துருக்கள், மாதிரிப் படங்கள்.

"இதுங்க கம்பெனி சொத்து இல்ல சார். ஊருக்கே பொது. மேலாளர் சார் வீட்டு கம்ப்யூட்டர திறந்தாகூட பாதி இருக்கும்."

மேலாளர் உட்கார்ந்தார். டிசைன்காரர் முதல் முறையாக நிமிர்ந்தார்.

மிஞ்சியவை நாற்பது சொச்சம். மகளின் படங்கள், மகளின் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, இரண்டு பக்திப் பாட்டு. அப்புறம் ஒன்று. 'பாப்பா மூணு' என்று பெயர். அந்தப் பெயர் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் எங்கும் இல்லை. ஆனால் டீச்சர் பெயரைப் பார்க்கிற ஆளா? நிறுவனத்தின் வடிவக் கிடங்கில் இருந்த எல்லாக் கோப்புக்கும் கைரேகை எடுத்து ஒப்பிட்டிருந்தார். வெறும் எண்ணிட்டு வைத்திருந்த ஒரு புடவை முந்தானை வடிவத்தோடு அது அறுபத்து நான்கு எழுத்தும் பொருந்தியது.

"ரெண்டும் ஒண்ணு" என்றார் டீச்சர்.

மேலாளர் மறுபடி எழுந்தார். டிசைன்காரர் கையைத் தூக்கினார். கையில் கைப்பற்றுகைப் பதிவேட்டின் நகல். இரவல் வாங்கியது போலிருந்த ஒரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அய்யா, பென் டிரைவுக்கு அன்னிக்கி கேட்டுல எழுதன நம்பர எண்ணிப் பாத்தன். அறுபத்தஞ்சி எழுத்து இருக்குது. டீச்சர் அறிக்கையில அதே பென் டிரைவுக்கு அறுபத்தி நாலு. நடுவுல எழுத்தும் வேறங்க. எண்றது என் வேல. தப்பாது. அன்னிக்கி எடுத்ததும் டீச்சர் பாத்ததும் ஒண்ணு இல்லன்னு தோணுதுங்க."

நான் பதிவேட்டை வாங்கி எண்ணினேன். அறுபத்தைந்து. ஒத்துப்போகாவிட்டால் சான்றாக ஏற்கக் கூடாது. என் விதி. பென் டிரைவ் போனால் குற்றச்சாட்டே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் விதிகளால் ஒரு மனிதன் பிழைத்து நான் அதிகம் பார்த்ததில்லை. மகிழ்ச்சியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதை விரைவாக முடித்துவிட வேண்டும் என்று, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு டீச்சரிடம் கேட்டேன்.

"இந்த இரண்டு எண்களும் ஒன்றா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்."

"இல்ல சார். அறுபத்தஞ்சி இருந்தா அது கைரேகையே இல்ல."

எழுதிக்கொண்டேன். கீழே கோடு போட்டேன். அவர் பதிவேட்டைத் திருப்பித் தரவில்லை. உதடு அசைந்தது. ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர், போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். விசாரணை அதிகாரி சாட்சியை நிறுத்தலாம். அதற்கும் விதி இருக்கிறது.

"இது கலையல சார்" என்றார்.

"என்ன?"

"உள்ள ஒரு புள்ளி மாறியிருந்தாலும் மொத்தமும் கலைஞ்சிருக்கும். இதுல முப்பது எழுத்து வரைக்கும் ஒண்ணு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஒண்ணு. நடுவுல ஒரே எடம். என் நம்பர்ல ஏழு இருக்குது. இதுல ஏ, அப்புறம் ரெண்டு." நிமிர்ந்து கேட்டார். "அன்னிக்கி யாரு படிச்சது? யாரு எழுதனது?"

படித்தவர் நிறுவனத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற இளைஞர், புத்தூர்ப் பக்கம். எழுதியவர் நிறுவனத்தின் வாயில் காவல் அலுவலர். ராணுவத்திலிருந்து வந்தவர், ராமநாதபுரத்துக்காரர். இருவரும் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"படிக்கும்போது நடுவுல யார்கிட்டயாவது பேசனியாப்பா?"

இளைஞர் தலையைச் சொறிந்தார். "வீட்லேர்ந்து போன் வந்துச்சி மேடம். ரெண்டு வார்த்த பேசிட்டு வச்சிட்டன்."

"தெலுங்குலதானே?"

"ஆங்."

"அப்படியே அடுத்த நம்பர படிச்சிருப்ப. ஏழுக்கு வீட்ல இன்னா சொல்வீங்க?"

"ஏடு" என்றார் அவர். சொன்னபிறகுதான் அவருக்கே விளங்கியது.

காவல் அலுவலர் விறைப்பாக, "ஏ டூன்னுதானய்யா சொன்ன? ஏவும் எழுதினேன், டூவும் எழுதினேன். எனக்கென்னய்யா தெரியும் ஒங்க பாஷை" என்றார்.

அறை சிரித்தது. மேலாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டச்சு செய்கிற பெண்கூடச் சிரித்தாள். அந்த விசாரணை முழுவதிலும் அந்த அறையில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். டீச்சர் முகத்தில் ஒரு கணக்கு சரியாக வந்துவிட்ட நிம்மதி. அதற்குப் பிறகுதான் அவர் டிசைன்காரரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. காலையில் குனிந்திருந்த தலை இப்போது குனியக்கூட இல்லை.

"டீச்சர்" என்றார். "அந்த டிசைன் நான் வீட்ல போட்டதுங்க. ஆபீஸ் மிஷினு நவுராது, அவ்ளோ ஸ்லோ. ஞாயித்துக்கிழமையில உக்காந்து எம்பொண்ணு பேர வச்சி போட்டன். திங்கக்கிழம இந்த பென் டிரைவுலதான் உள்ள எடுத்துனு போனன். எடுத்துனு போறப்ப எவனும் கேக்கல. கோப்புல தேதி இருக்குது பாருங்க. ஞாயித்துக்கிழம. அத மட்டும் சொல்லுங்க."

கடைசிக் கயிறு அது. டீச்சருக்கும் தெரிந்திருக்கும். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஞாயித்துக்கிழமன்னுதான் இருக்குது சார்" என்றார் என்னைப் பார்த்து.

"அதை உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல். ஆங் என்றால் போதும்.

"முடியாது" என்றார் டீச்சர். "தேதியும் பேரு மாதிரிதான். கம்ப்யூட்டர் கடிகாரத்த திருப்பி வச்சா யாரு வேணா எந்த தேதி வேணா போட்டுக்கலாம்." பிறகு அவசரமாக, யாரும் குறுக்கிடுவதற்குள் என்பது போலச் சொன்னார். "ஆனா ஒண்ணு எழுதிக்கோங்க சார். ரெண்டும் ஒண்ணுன்னுதான் கைரேகை சொல்லும். எது எதுலேர்ந்து போச்சின்னு சொல்லாது. அவரு வீட்லேர்ந்து கம்பெனிக்குப் போயிருக்கலாம். கம்பெனியிலேர்ந்து அவருகிட்ட வந்திருக்கலாம். என் அறிக்கைய வச்சி திருட்டுன்னு சொல்ல முடியாது."

"சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்" என்று மேலாளர் ஆட்சேபித்தார். ஆட்சேபம் நடைமுறைப்படி சரி. கேட்கப்படாத கேள்விக்குச் சொன்ன பதிலைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நான் ஆட்சேபத்தை ஏற்றேன். தட்டச்சுப் பெண் அந்த வரிகளை விட்டுவிட்டாள்.

'ஏடு' பற்றி டீச்சர் சொன்னதும் யாரும் கேட்காமல் சொன்னதுதான். அதைப் பதிவு செய்திருந்தேன்.

இதை இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. அல்லது தெரிந்தும், மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தேனா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் முடிவறிக்கை நான்கு பக்கம். இடைவெளி, எண்ணிடல், இணைப்புகள் எல்லாம் குறையில்லாமல் இருந்தன. வடிவம் நிறுவனத்தினுடையதோடு முழுவதும் ஒத்திருப்பதாக வல்லுநர் உறுதி செய்ததால் குற்றச்சாட்டு நிரூபணமாகிறது என்று முடித்திருந்தேன். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. கையில் விசாரணை நடவடிக்கைகளின் நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் சொன்னதும் இதுவும் ஒண்ணு இல்ல."

"உங்கள் கையெழுத்து இருக்கிறதே அம்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு நீங்க பக்கத்த திருப்பித் திருப்பி காட்னீங்க. நானும் போட்டுட்டன்." தாளை என் முன் வைத்தார். "எது எதுலேர்ந்து போச்சின்னு தெரியாதுன்னு சொன்னனே. அது எங்க?"

விளக்கினேன். ஆட்சேபம், அதன் மேல் ஆணை, சாட்சி கையெழுத்திட்டபின் திருத்த முடியாமை, முடித்த கோப்பில் வரி சேர்க்க முடியாமை. சாட்சிக்கு மேல்முறையீடு கிடையாது. தண்டிக்கப்பட்டவருக்கு உண்டு, முப்பது நாளுக்குள். யாரிடம் முறையிட வேண்டும் என்றால், நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதே நிர்வாக இயக்குநரிடம். டீச்சர் முழுவதும் கேட்டார்.

"அப்ப நான் வந்து பேசனதுன்னா, இதுல இருக்கறது மட்டும்தானா?"

"ஆமாம்."

"அந்த ஏடு விஷயத்த நான் சொல்லாம இருந்திருந்தா?"

"விட்டிருப்பேன்."

"பொய் சொல்லியிருக்கணுமா சார்?"

"பொய் வேண்டாம். இல்லை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்."

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. "ஒரே பொருள ஒண்ணு இல்லன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த வாக்கியம் அவர் வாயில் நிற்கவில்லை.

மறுநாளே மேல்முறையீட்டு மனுவைத் தானே தட்டச்சு செய்து, டிசைன்காரரின் கையெழுத்து வாங்க அம்மையார்குப்பத்துக்குப் போனார். டிசைன்காரர் வெளியே வரவில்லை. மனைவிதான் கதவருகில் வந்து தாளை வாங்காமலே பேசினாளாம். "உங்கமேல ஒண்ணும் இல்ல டீச்சர். உங்கள கூப்புடுன்னு சொன்னதே அவருதான். இனிமே எங்களுக்காக நீங்க எதுவும் சரியா சொல்ல வேணாம்."

இதை டீச்சர் என்னிடம் சொன்னபோது குரல் மாறவில்லை. ஆனால் 'சரியா' என்ற சொல்லில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போனார். கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மறுபடியும் போய்ப் பார்த்தார். வீடு பூட்டியிருந்தது. முப்பது நாள் முடிந்தது.

அதற்குப் பிறகு படிக்கட்டுக்குக் கீழே இருந்த அந்த அறையை நான் கடந்து போவதுண்டு. உள்ளே போனதில்லை. திறந்திருக்கும், டீச்சர் இருப்பார், எதிரே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வேலை நடந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் அந்த நிறுவனத்தின் மேலாளரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். உற்சாகமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். "சேதி தெரியுமா சார்? நம்ம டிசைன்காரன் நகரியில சேந்துட்டான். நாம அன்னிக்கி சொன்ன அதே தறிக்கூடம். பாத்தீங்களா? அப்பவே சொன்னனே" என்றார். இங்கே எந்தத் தறிக்கூடமும் உள்ளே விடாத ஒருவன், இருபது கிலோமீட்டர் தள்ளி, தன்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். நாங்கள் தாளில் எழுதிக் கொடுத்த வழி அது. இதை நான் மேலாளரிடம் சொல்லவில்லை. அவர் பஸ் வந்துவிட்டது.

இதை டீச்சரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படிப் பதில் வரும் என்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். யாரு சொன்னது, அவரு நேர்ல பாத்தாரா, எப்ப சேந்தாரு, இப்ப போனது அப்ப எடுத்ததுக்கு எப்படி சாட்சி ஆவும் என்று அடுக்குவார். அப்படிக் கேட்க வேண்டும் என்று விரும்பியே போனேன். யாராவது அதைக் கேட்டாக வேண்டும். எனக்கு அந்தத் தகுதி போய்விட்டிருந்தது.

அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். டிசைன்காரர் நகரியில் அதே தறிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாராம். அப்போதே எடுத்துக்கொண்டு போனவர்தான் என்று நிறுவனத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் என்றேன்.

டீச்சர் திருகாணியைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை. யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"ஆங்" என்றார்.